ஏதோ ஒரு வண்டி

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும் வேளையில், கீழே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக மக்கள் வெள்ளமாக இருக்கும். அத்தனை பேரையும் ஏற்றிவந்த வண்டிகள் எல்லாம் ஊருக்குள் புகுந்தால் திருவண்ணாமலை தாங்காது. ஆகவே வேலூர் சாலை, திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை, திருக்கோவிலூர் சாலை, மணலூர்பேட்டை சாலை, செங்கம் சாலை என ஊரை நோக்கி வரும் வழிகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. கார்களுக்கும் வேன்களுக்கும் வேறு நிறுத்துமிடங்கள். பேருந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கார் புகுந்துவிட்டால், அடுத்து வரும் பேருந்து சாலையிலேயே நின்றுவிடும். அதன் பின்னால் வருவனவும் நிற்கும்.

இந்த ஏற்பாட்டை ஜாவா மொழியில் ஒரு நிரலாக எழுதிப் பார்ப்போம். அம்மொழியைக் கற்போர் பலரும் தயங்கி நிற்கும் இடம் ஜெனரிக் வகைகளும், அவற்றின் கோணக் குறிகளுக்குள் தனித்து நிற்கும் ஒரு கேள்விக்குறியும். வைல்டுகார்டு என்று அழைக்கப்படும் அந்தக் கேள்விக்குறியின் பொருளைச் சரியாகப் பற்றிக்கொண்டால் விதிகள் எல்லாம் அதிலிருந்து தாமே வந்துவிடும் என்பது என் துணிபு. விதிகளை மனப்பாடம் செய்யும் வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

முதலில் அடித்தளம். ‘வண்டி’ என்று ஒரு கிளாஸ். அதன் வழி வந்தவை ‘பேருந்து’, ‘கார்’, ‘வேன்’. ஜாவாவில் கிளாஸ்களுக்கு இவ்வாறு தமிழெழுத்திலேயே பெயரிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொடக்கம் முதலே அம்மொழி யூனிகோடு எழுத்துகளை ஏற்றுக்கொள்கிறது. மொழிக்கே உரிய குறிச்சொற்கள் மட்டும் ஆங்கிலம். அவற்றையும் இங்கே தமிழெழுத்தில் தருகிறேன்.

ஒரு நிலையத்தில் நிற்கும் பேருந்துகளை எல்லாம் ஒரு லிஸ்டில் வைக்க வேண்டும். 2004-க்கு முந்தைய ஜாவாவில் லிஸ்ட் என்றால் வெறும் லிஸ்ட்தான். அதற்குள் எந்த ஆப்ஜெக்டையும் போடலாம். போடும்போது கேள்வி கிடையாது, எடுக்கும்போதுதான் சிக்கல். எடுத்தது பேருந்து என்று நிரலர் தம் வாயால் உறுதி சொல்ல வேண்டும். அந்த உறுதிமொழிக்குக் ‘காஸ்ட்’ என்று பெயர். லிஸ்டுக்குள் எங்கோ ஒரு கார் நுழைந்திருந்தால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் என்று கூவிவிட்டு நின்றுவிடும். தவறு நடந்த இடம் ஒன்று. அது வெளிப்படும் இடம் வேறு. போட்டவர் யார் என்று தேடுவதற்குள் தீபம் முடிந்து கூட்டம் திரும்பத் தொடங்கியிருக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஓடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுடமயர், பிலிப் வாட்லர் ஆகிய நால்வர் 1998-இல் ‘ஜெனரிக் ஜாவா’ என்னும் திட்டத்தை வெளியிட்டார்கள். அதன் அடிப்படையில் வளர்ந்த வடிவம் 2004 செப்டம்பரில் ஜாவா 5 பதிப்போடு மொழிக்குள் வந்தது. அன்று முதல் லிஸ்ட்<பேருந்து> என்று எழுதலாம். பேருந்தன்றி வேறொன்றை அதில் போட முயன்றால் கம்பைலரே தடுத்துவிடும். நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, எழுதியவரின் மேசையிலேயே தவறு பிடிபடுகிறது.

லிஸ்டை உருவாக்கியவர் பேருந்தைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார். அவர் எழுதியது லிஸ்ட்<ஈ>. ஈ என்பது வகைக்கு விடப்பட்ட வெற்றிடம்; ‘எலிமெண்ட்’ என்பதன் முதலெழுத்து. தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இந்த நிலை அயலாகத் தோன்றாது. சாத்தன் என்பது இருதிணைப் பொதுப்பெயர். அந்தப் பெயரைத் தனியே கேட்டால் அது மனிதனுக்கு இட்ட பெயரா, காளைக்கு இட்ட பெயரா என்று சொல்ல இயலாது. ‘சாத்தன் வந்தான்’ என்றால் உயர்திணை. ‘சாத்தன் வந்தது’ என்றால் அஃறிணை. பெயர் திறந்தே நிற்கிறது, முடிக்கும் சொல் வந்து அதை ஒரு திணைக்குள் நிறுத்துகிறது. ஈ என்னும் வெற்றிடமும் அவ்வாறே. பயன்படுத்துபவர் ‘பேருந்து’ என்று எழுதிய கணத்தில் அது மூடிக்கொள்கிறது. பிறகு அந்த லிஸ்டில் அது மாறுவதில்லை. ‘சாத்தன் வந்தான், பிறகு மேய்ந்தது’ என்று ஒருவனையே இரு திணைப்படுத்திப் பேச முடியாதது போலத்தான்.

அடுத்த அடுக்கில்தான் மாணவர்கள் முதன்முதலாக இடறுகிறார்கள். ஒவ்வொரு பேருந்தும் ஒரு வண்டி. அப்படியானால் பேருந்துகளின் லிஸ்ட் வண்டிகளின் லிஸ்ட் ஆகுமா? ஆகும் என்றே மனம் சொல்கிறது. ஆகாது என்கிறது ஜாவா. மனம் சொல்வதை ஒரு கணம் ஏற்று, என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

செங்கம் சாலை நிலையத்துக்கு லிஸ்ட்<பேருந்து> ஒன்று இருக்கிறது. அதையே லிஸ்ட்<வண்டி> என்னும் மற்றொரு பெயராலும் அழைக்க அனுமதித்துவிட்டோம். இப்போது அந்த இரண்டாம் பெயரின் வழியாக ஒருவர் ஒரு காரைச் சேர்க்கிறார். அவர் மீது பிழை இல்லை; வண்டிகளின் லிஸ்டில் கார் சேரலாம்தானே. ஆனால் லிஸ்ட் ஒன்றுதான், பெயர்கள்தான் இரண்டு. முதல் பெயரை நம்பி அடுத்த பேருந்தைக் கேட்பவர் கையில் கார் வந்து விழுகிறது. 2004-க்கு முன்பிருந்த அதே விபத்து. இதைத் தடுக்கவே லிஸ்ட்<பேருந்து> வேறு, லிஸ்ட்<வண்டி> வேறு, ஒன்றுக்கொன்று உறவில்லை என்று மொழி தீர்மானித்தது.

ஜாவாவின் அரேக்களில் இந்தத் தீர்மானம் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பேருந்து அரே ஒன்றை வண்டி அரே என்று அழைக்கலாம், கம்பைலர் மறுக்காது. அதில் காரைப் போட்டால், ஓடும் நேரத்தில் அரேஸ்டோர்எக்ஸெப்ஷன் வந்து நிற்கும். மொழி பிறந்த காலத்தில் ஜெனரிக் வகைகள் இல்லை. எந்த அரேயையும் வரிசைப்படுத்தும் ஒரே மெத்தட்டை எழுத வேறு வழி இல்லாமல் இந்தத் தளர்வை அனுமதித்தார்கள். அந்தத் தளர்வு இன்றுவரை விலகவில்லை.

தீர்மானம் நியாயமானது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு நிலையத்தில் நிற்கும் வண்டிகளில் வந்த பயணிகளின் மொத்த எண்ணிக்கையைக் கூட்டும் மெத்தட் ஒன்றை எழுதுகிறோம். அது ஏற்கும் வகை லிஸ்ட்<வண்டி> என்று எழுதினால், பேருந்துகளின் லிஸ்டை அதற்குக் கொடுக்க முடியாது. கார்களின் லிஸ்டையும் முடியாது. கூட்டுவது மட்டுமே அதன் வேலை. எதையும் லிஸ்டில் சேர்க்கப்போவதில்லை. தீங்கு செய்ய வழியே இல்லாத மெத்தட்டுக்கும் கதவு அடைபட்டிருக்கிறது.

இந்தக் கதவைத் தேவையான அளவுக்கு மட்டும் திறப்பதுதான் வைல்டுகார்டு. அட்சுஷி இகராஷி, மிர்கோ விரோலி இருவரும் 2002-இல் முன்வைத்த கருத்தை எடுத்து வளர்த்து, டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தினரும் ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தினரும் சேர்ந்து மொழிக்கு ஏற்ற வடிவம் கொடுத்தார்கள். கூட்டும் மெத்தட்டின் வகையை இனி இவ்வாறு எழுதலாம்: லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் வண்டி>.

இதை எவ்வாறு வாசிப்பது? ‘எந்த வண்டியும் அடங்கிய லிஸ்ட்’ என்று வாசிப்பவர் அடுத்த வரியிலேயே தவறிவிடுவார். எந்த வண்டியும் அடங்கிய லிஸ்ட் என்றால் அது லிஸ்ட்<வண்டி>தான். அதில் காரும் போகலாம், பேருந்தும் போகலாம். சரியான வாசிப்பு இது: ‘ஏதோ ஒரு வண்டி வகையின் லிஸ்ட், எந்த வகை என்று இந்த இடத்தில் தெரியாது.’ எதுவானாலும் என்பதற்கும் ஏதோ ஒன்று என்பதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் வைல்டுகார்டின் முழுப்பொருளும் அடங்கியிருக்கிறது. முன்னது எல்லாவற்றையும் அனுமதிக்கிறது. பின்னது ஒன்றே ஒன்றைச் சுட்டுகிறது. அந்த ஒன்றின் பெயர் நமக்கு மறைந்திருக்கிறது.

மறைந்திருப்பதைக் கேள்விக்குறியால் எழுதியது பொருத்தமான தேர்வு. ‘யார்’ என்னும் வினாவுக்கு நன்னூல் வகுக்கும் எல்லையை நினைத்துப் பாருங்கள். அது உயர்திணையின் மூன்று பாலுக்கும் பொது. ஆணா பெண்ணா பலரா என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் உயர்திணை என்பது தெரியும். அறியாமைக்கே ஒரு வரம்பு வகுத்துவிட்டுக் கேட்கப்படும் வினா அது. ‘? எக்ஸ்டெண்ட்ஸ் வண்டி’ என்பதும் அத்தகையதே. பேருந்தா காரா தெரியாது. வண்டிக்கு உட்பட்டது என்பது உறுதி. வரம்பே இல்லாமல் ‘?’ என்று மட்டும் எழுதினால், ஆப்ஜெக்ட் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று பொருள்.

இனி விதிகளைப் பார்ப்போம். ‘ஏதோ ஒரு வண்டி வகையின் லிஸ்ட்’ என் கையில் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றை எடுத்தால் என்ன கிடைக்கும்? வகை எதுவாயினும் அது ஒரு வண்டி. ஆகவே வண்டி என்று நம்பி எடுக்கலாம், பயணிகளைக் கூட்டலாம். அதில் ஒரு பேருந்தைப் போடலாமா? அது கார்களின் லிஸ்டாக இருந்துவிட்டால் என்னாவது? கூடாது. ஒரு காரை? அது பேருந்துகளின் லிஸ்டாக இருக்கக்கூடும். கூடாது. வெறும் வண்டி ஒன்றை? அதுவும் கூடாது. எந்த வகைக்கும் பொதுவான நல் என்னும் வெறுமையை மட்டும் போடலாம். கம்பைலர் இங்கே பிடிவாதம் செய்வதாகப் பலர் குறைபடுகிறார்கள். அதற்குத் தெரியாததை அது தெரியாது என்று சொல்கிறது, அவ்வளவே.

இத்தகைய லிஸ்டை ‘படிக்க மட்டும்’ உரியது என்று சிலர் கற்பிக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. அதிலிருந்து ஒன்றை நீக்கலாம், முழுவதையும் துடைத்து வெறுமையாக்கலாம், மொழி மறுக்காது. நீக்குவதற்கு வகை தெரிய வேண்டியதில்லை, சேர்ப்பதற்குத்தான் தெரிய வேண்டும். மாறாத லிஸ்ட் வேண்டுமென்றால் அதற்கு வேறு ஏற்பாடு தேவை.

இப்போது எதிர்த்திசை. சாலையில் வந்து சேரும் பேருந்துகளை ஒரு லிஸ்டில் பதிவது மற்றொரு மெத்தட்டின் வேலை. பதியப்படுபவை பேருந்துகள் மட்டுமே. அவற்றை லிஸ்ட்<பேருந்து> ஏற்கும். லிஸ்ட்<வண்டி> ஏற்குமா? தாராளமாக ஏற்கும். லிஸ்ட்<ஆப்ஜெக்ட்> கூட ஏற்கும். ஆகவே வரம்பை மேலிருந்து இடாமல் கீழிருந்து இட வேண்டும்: லிஸ்ட்<? சூப்பர் பேருந்து>. ‘பேருந்தோ, பேருந்துக்கு மேற்பட்ட ஏதோ ஒரு வகையோ’ என்று இதை வாசிக்கலாம். இதில் பேருந்தைப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. எடுத்தால் என்ன வரும் என்பதற்குத்தான் உறுதி இல்லை. ஆப்ஜெக்ட் என்பதற்கு மேல் எதையும் நம்ப முடியாது.

இரண்டும் ஒரே வரியில் சேர்ந்து வரும் இடம் ஜாவாவின் கலெக்‌ஷன்ஸ் கிளாஸில் உள்ள ‘காப்பி’ மெத்தட். ஒரு லிஸ்டில் உள்ளவற்றை மற்றொன்றுக்குப் பிரதி எடுப்பது அதன் பணி. பெறும் லிஸ்ட் ‘? சூப்பர் டி’, தரும் லிஸ்ட் ‘? எக்ஸ்டெண்ட்ஸ் டி’. ஈ போலவே டி என்பதும் வகைக்கு விடப்பட்ட வெற்றிடம். தருவதற்கு எக்ஸ்டெண்ட்ஸ், பெறுவதற்கு சூப்பர். ஜோஷுவா பிளாக் தம் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலின் 2008 பதிப்பில் இதை ‘பெக்ஸ்’ என்னும் நான்கெழுத்துச் சூத்திரமாக்கினார். சூத்திரம் நல்லது, ஆனால் அதன் காரணத்தை அறியாதவர் திசையை மாற்றி எழுதிவிட்டு விழிப்பதை வகுப்பறைகளில் அடிக்கடி காணலாம்.

இவற்றைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு; அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வரிசைப்படுத்தும் ‘ஸார்ட்’ மெத்தட் தன் வகையை இவ்வாறு அறிவிக்கிறது: டி எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள்<? சூப்பர் டி>. முதல் முறை காண்பவர் புத்தகத்தை மூடிவிடத் தோன்றும் வரி. நம் வண்டிகளைக் கொண்டு அதைப் பிரிக்கலாம். இரண்டு வண்டிகளில் எது முன்னால் வந்தது என்று ஒப்பிடும் திறனை ‘வண்டி’ கிளாஸிலேயே எழுதியிருக்கிறோம். அதாவது வண்டி என்பது கம்பேரபிள்<வண்டி>. பேருந்து அந்தத் திறனை மரபாகப் பெறுகிறது. ஆனால் பெற்றது கம்பேரபிள்<வண்டி>தான், கம்பேரபிள்<பேருந்து> அன்று. ஸார்ட் மெத்தட் ‘டி தன்னோடு தன்னை ஒப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று மட்டும் கேட்டிருந்தால், பேருந்துகளின் லிஸ்டை வரிசைப்படுத்த முடியாமல் போயிருக்கும். எந்த இரண்டு வண்டிகளையும் ஒப்பிடத் தெரிந்த ஒன்றுக்கு இரண்டு பேருந்துகளை ஒப்பிடத் தெரியாதா? தெரியும். அந்த எளிய உண்மையைத்தான் ‘? சூப்பர் டி’ என்னும் இரு சொற்கள் சொல்கின்றன: தன் நிலையிலோ தன் முன்னோர் நிலையிலோ ஒப்பிடும் திறன் இருந்தால் போதும். ஒப்பிடுபவர் பொருளைப் பெறுபவர், ஆதலால் சூப்பர்.

மறைந்திருக்கும் வகைக்குத் தற்காலிகமாக ஒரு பெயர் கொடுப்பது அடுத்த அடுக்கு. லிஸ்ட்<?> ஒன்றில் இரண்டு இடங்களில் உள்ளவற்றை இடம் மாற்ற வேண்டும். எடுத்ததை அதே லிஸ்டில் திரும்ப வைப்பதில் என்ன ஆபத்து? ஒன்றுமில்லை. ஆனாலும் கம்பைலர் மறுக்கிறது. எடுத்ததை வெறும் ஆப்ஜெக்ட் என்றே அது கருதுவதால், திரும்ப வைக்கப்படுவது அதே வகைதான் என்பதை அதனால் நினைவு வைத்துக்கொள்ள முடிவதில்லை. ‘கேப்சர்’ என்னும் சொல் கொண்ட பிழைச்செய்திகள் இங்கிருந்தே பிறக்கின்றன. தீர்வு: டி என்று பெயரிட்ட ஓர் உதவி மெத்தட்டை எழுதி, லிஸ்டை அதனிடம் ஒப்படைப்பது. அதற்குள் நுழைந்ததும் ‘ஏதோ ஒன்று’க்கு டி என்று பெயர் வந்துவிடுகிறது, எடுத்ததும் டி, வைப்பதும் டி, தடை நீங்குகிறது. கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் ‘ஸ்வாப்’ மெத்தட்டின் மூலநிரலைப் பார்த்தால், அதை எழுதியவர்கள் இந்த உதவி மெத்தட்டை எழுதாமல் வகையே இல்லாத பழைய லிஸ்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்; உதவி மெத்தட் வழியாகவும் செய்யலாம் என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமும் நிரல் ஓடும்போது நிலைப்பதில்லை என்பதையும் கற்பவர் அறிய வேண்டும். கம்பைலர் வகைகளைச் சரிபார்த்ததும் அவற்றை அழித்துவிடுகிறது. ஓடும் நேரத்தில் லிஸ்ட்<பேருந்து>, லிஸ்ட்<கார்> இரண்டும் வெறும் லிஸ்ட். ‘இது பேருந்துகளின் லிஸ்டா’ என்று அப்போது கேட்க இயலாது. ஒரே பெயரில் இரண்டு மெத்தட்களை எழுதி, ஒன்று லிஸ்ட்<பேருந்து> ஏற்க, மற்றொன்று லிஸ்ட்<கார்> ஏற்கச் செய்யவும் முடியாது. அழித்தபின் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 2004-க்கு முன் எழுதப்பட்ட நிரல்கள் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பதற்காக ஏற்றுக்கொண்ட குறை இது. ஏற்கெனவே கோடிக்கணக்கான வரிகள் எழுதப்பட்டிருந்த மொழியில் வேறு முடிவு எடுத்திருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

வைல்டுகார்டு குறையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. 2016-இல் நடா அமின், ராஸ் டேட் இருவரும், வைல்டுகார்டையும் நல் மதிப்பையும் சேர்த்துக் காஸ்ட் ஒன்றுகூட இல்லாமல் ஒரு வகையை வேறொரு வகையாகக் காட்டும் சிறு நிரலை வெளியிட்டார்கள். கம்பைலர் அதைத் தவறின்றி ஏற்றது. ஓடும் நேரச் சோதனைதான் அதைப் பிடித்தது. சி ஷார்ப் மொழி 2010-இல் வேறு வழியில் சென்றது: தருவதா பெறுவதா என்பதை இன்டர்ஃபேஸ் எழுதுபவரே ஒருமுறை அறிவித்துவிட வேண்டும், பயன்படுத்துபவர் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. காட்லின் மொழி இரண்டு வழிகளையும் வைத்திருக்கிறது. பயன்படுத்துபவர் சுமையைக் குறைக்கும் என்பதால் அறிவிப்பு வழியே எளிது. ஆனால் போடவும் எடுக்கவும் உரிய லிஸ்ட் போன்றவற்றுக்கு அது உதவாது, அங்கே ஜாவாவின் கேள்விக்குறிதான் வேலை செய்கிறது.

நடைமுறைக்கு ஒரு சொல். மெத்தட் ஏற்கும் இடத்தில் வைல்டுகார்டைத் தயங்காமல் எழுதுங்கள். மெத்தட் திருப்பித் தரும் இடத்தில் எழுதாதீர்கள். ஏற்கும் இடத்தில் அது அழைப்பவருக்குக் கதவைத் திறக்கிறது. திருப்பித் தரும் இடத்தில் உங்களுக்குத் தெரிந்ததை மறைத்து, அந்தத் தெரியாமையை அழைப்பவர் தலையில் சுமத்துகிறது.

திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் கணினி பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓப்பன்ஜேடிகே திட்டத்தில் கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் மூலநிரல் எவரும் வாசிக்கும்படி இருக்கிறது. அதில் காப்பி, ஸார்ட், ஸ்வாப் ஆகிய மூன்று மெத்தட்களின் முதல் வரியை மட்டும் எடுத்துத் தாளில் எழுதி, ஒவ்வொரு கேள்விக்குறியையும் ‘ஏதோ ஒரு’ என்று தமிழில் வாசித்துப் பாருங்கள். தேர்வுக்குமுன் வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.